புராஸ்டேட் ஆபரேஷனுக்கு அப்புறம் டியூப் அவஸ்தை: வராம இருக்க வழி உண்டா?

பேட்டைக்காரன் | திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பாவுக்கு 74 வயசு. புராஸ்டேட் வீக்கம். மாத்திரை போட்டும் சரியாகல, ராத்திரி தூக்கமே கிடையாது. ஸ்கேன்ல, ஒண்ணுக்கு போன பிறகும் 180 மில்லி உள்ளயே நிக்குதுன்னு வந்திருக்கு. பாளையங்கோட்டையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில அடுத்த வாரம் டி.யு.ஆர்.பி. (மூத்திர வழியா கருவியை விட்டு புராஸ்டேட்டைச் சுரண்டி எடுக்குற ஆபரேஷன்) செய்ய நாள் குறிச்சிருக்காங்க.

ஆபரேஷன் எனக்குப் பயமில்ல. பயம் எல்லாம் அதுக்கப்புறம் போடுற மூத்திர டியூப்தான். எங்க பெரியப்பாவுக்கு இதே ஆபரேஷன் வேற ஒரு இடத்துல நடந்துச்சு. முதுகுல போட்ட மரப்பு ஊசி விட்டதும் ஆரம்பிச்சது. "மோளணும், என்ன விடுங்கல"ன்னு கட்டில்ல இருந்து இறங்கப் பாத்தாவ. டியூப் போட்டிருக்கு, தானா போகும்னு சொன்னா காதுல ஏறல. ஆளுக்கு ஒரு கையைப் பிடிச்சிக்கிட்டு நின்னோம். விடியக்காலம் யாரும் பாக்காத நேரத்துல டியூபைப் பிடிச்சு இழுத்துட்டாவ. படுக்கை முழுக்க ரத்தம். அங்க இருந்தவங்க சொன்னது ஒண்ணுதான்: "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கணும்."

அப்பா அதைக் கிட்ட இருந்து பாத்தவிய. "எனக்கு ஆபரேஷனே வேண்டாம்ல"ன்னு இப்ப மல்லுக்கு நிக்காவ. இந்த அவஸ்தையை முன்கூட்டியே தடுக்க முடியுமா? டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

டவுன் அண்ணாச்சி | திங்கள், இரவு 10.15

தம்பி, நான் அந்தக் கட்டில்ல படுத்து எந்திரிச்சவன். உம்ம அப்பாட்ட நேரா சொல்லும்: மூத்திரம் முட்டும், ஆனா முட்டுதது மூத்திரம் இல்ல. டியூப் நழுவி வெளிய வந்துராம இருக்க, அது நுனியில பலூன் ஒண்ணு ஊதி உள்ள உக்காந்திருக்கு. கண்ணுல தூசி விழுந்தா கண்ணு தானா சிமிட்டும்லா, அது மாதிரி மூத்திரப் பை பலூனைப் பாத்து சுருங்கிச் சுருங்கித் தள்ளப் பாக்குது. அம்புட்டுதான்.

எனக்கு ஆபரேஷனுக்கு முந்தின நாளு சாயங்காலம் ஒரு சிஸ்டர் வந்து உக்காந்து இதைச் சொன்னாவ. "ஐயா, ஊசி விட்டதும் இப்படி வரும். முக்காதீய. முக்குனா கூடும். பைய மூச்சு விடுங்க, ஒரு நிமிசம் ரெண்டு நிமிசத்துல அலை இறங்கிரும்"ன்னாவ. வந்துது. முக்கல. இறங்கிச்சு. திரும்ப வந்துது. திரும்ப இறங்கிச்சு. பக்கத்துக் கட்டில் ஆளுக்கு அன்னைக்கு யாரும் எதுவும் சொல்லி வைக்கல போல. அவரு போட்ட சத்தத்துல வார்டே தூங்கல. ஒரே ஆபரேஷன், ஒரே டியூப். அதனால ஆபரேஷனுக்கு முன்னாடி சொல்லிக் குடுக்குதது பாதி மருந்துன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்.

வார்டு சிஸ்டர் | செவ்வாய், காலை 6.50

நைட் டூட்டி முடிஞ்சு பஸ்ல உக்காந்து எழுதுறேன், எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சிக்கோங்க. யூராலஜி வார்டுல ரொம்ப வருஷமா இருக்கேன்.

அண்ணாச்சி சொன்னது சரி. ஆனா ஒரு எச்சரிக்கை. "இது பலூன் உறுத்தல்தான்"னு சொல்லிச் சமாதானப்படுத்துறதுக்கு முன்னாடி, டியூப் ஓடுதான்னு பாத்தே ஆகணும். ஆபரேஷனுக்கு அப்புறம் போடுறது மூணு வழி டியூப். ஒரு வழியா சலைன் உள்ள போகும், ஒரு வழியா கழுவுன தண்ணியும் மூத்திரமும் வெளிய வரும், மூணாவது பலூனுக்கு. ரத்தக் கட்டி ஒண்ணு போய் அடைச்சா சலைன் உள்ள போய்க்கிட்டே இருக்கும், வெளிய வராது. அப்ப பை நெசமாவே முட்டும். அந்த ஆளும் "மோளணும்"னுதான் கத்துவார். ரெண்டுக்கும் சத்தம் ஒண்ணு, வைத்தியம் வேற.

அதனால கூட இருக்கிறவங்க பாக்க வேண்டியது யூரின் பேக்கை. சொட்டுதா? உள்ள போன சலைனை விட வெளிய வந்தது கூட இருக்கா? 3 லிட்டர் உள்ள போயிருந்தா பேக்ல 3 லிட்டருக்கு மேல வந்திருக்கணும், ஏன்னா மூத்திரமும் சேரும். கணக்கு குறைஞ்சா, அடிவயிறு கல்லு மாதிரி இருந்தா, பேக்ல நிறம் திடீர்னு கெட்டியான சிவப்பானா, உடனே பெல் அடிங்க. மாத்திரை குடுத்து அடக்குற விஷயம் இல்ல அது. சிரிஞ்ச் வச்சு பிளாடர் வாஷ் குடுத்து கட்டியை எடுக்கணும்.

டியூப் ஓடுது, பேக் நிறையுது, ஆனாலும் முட்டுது, டியூபைச் சுத்தி ஈரம் கசியுதுன்னா அதுதான் பை சுருங்குறது. அதுக்குத்தான் மூச்சு விடுறது, மருந்து, மத்ததெல்லாம்.

இன்னொண்ணு. டியூபைத் தொடையில பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கணும். பாதிப் பேருக்கு உறுத்தல் கூடுறதே டியூப் தொங்கி இழுக்குறதாலதான். சில சர்ஜன்கள் ஆபரேஷன் முடிஞ்ச உடனே ரத்தம் நிக்கணும்னு டியூபை இழுத்துப் பிடிச்சே ஒட்டியிருப்பாங்க. அந்த இழுப்பு பலூனைப் பை வாசல்ல அழுத்தும், அதனால முட்டல் ஜாஸ்தியாத்தான் இருக்கும். "பாவம்"னு நீங்களா தளர்த்திடாதீங்க. எப்ப தளர்த்துவீங்கன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. நாங்க கேக்காமலே சொல்லணும், உண்மைதான். வேலை நெருக்கடியில விட்டுப்போகும்.

மேலப்பாளையம் மகன் | செவ்வாய், காலை 8.05

எங்க வாப்பாவுக்கும் அடுத்த மாசம் இதே ஆபரேஷன். ஒரு கேள்வி. டியூப் பெருசா இருந்தா உறுத்தல் கூடும்னு சொல்றாங்க. சின்ன டியூபா போடச் சொல்லிக் கேக்கலாமா?

வார்டு சிஸ்டர் | செவ்வாய், காலை 8.20

கேக்கலாம், ஆனா ரொம்பச் சின்னதுக்குச் சம்மதிக்க மாட்டாங்க, அதுல நியாயமும் இருக்கு. சாதாரணமா மூத்திரம் அடைச்சவங்களுக்கு 14, 16 நம்பர் போதும். டி.யு.ஆர்.பி.க்கு அப்புறம் கட்டி வெளிய வரணும், அதுக்கு 20, 22, சில நேரம் 24 நம்பர் வேணும். அந்த நம்பரை மூணால வகுத்தா டியூபோட கனம் மில்லிமீட்டர்ல வரும். 18 நம்பர்னா 6 மில்லிமீட்டர். சின்ன டியூப் கட்டியில அடைச்சா அது உறுத்தலை விட பெரிய கொடுமை. வாப்பாவுக்கு சலைன் ஓட்டுறது நின்ன பிறகும் டியூப் வேணும்னா அப்ப சின்னதுக்கு மாத்த முடியுமான்னு கேளுங்க.

மயக்க மருத்துவர் | செவ்வாய், பிற்பகல் 2.30

நான் மயக்கவியல் மருத்துவன். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியை ஒட்டிய மருத்துவக் கல்லூரியில் படித்தவன். பேட்டைக்காரரின் கேள்விக்கு என் பக்கத்திலிருந்து பதில்.

"எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்பது பாதி உண்மை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் வரும். ஆண்களுக்கு அதிகம். பெரிய டியூப் போட்டவர்களுக்கு அதிகம். இதற்கு முன் டியூப் போட்டே பழக்கமில்லாதவர்களுக்கு இன்னும் அதிகம். ஆனால் "பொறுத்துக்கணும்" என்பது சரியான பதில் இல்லை. இதை நாங்கள் மூன்று படியாகப் பார்க்கிறோம். நாம் கேட்டால் மட்டும் "லேசா முட்டுது" என்பவர் முதல் படி. கேட்காமலே சொல்பவர் இரண்டாம் படி. கத்துவது, கைகாலை உதறுவது, டியூபைப் பிடித்து இழுப்பது மூன்றாம் படி. முதல் படியில் இருப்பவர் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாம் படிக்கு ஒருவர் போனால் அது எங்கள் ஏற்பாட்டில் உள்ள குறை.

காரணம் இதுதான். சிறுநீர்ப்பையின் அடித்தளத்தில் டிரைகோன் என்றொரு பகுதி இருக்கிறது, உணர்ச்சி மிகுந்த இடம். பலூன் சரியாக அங்கேதான் போய் உட்காருகிறது. சாதாரண டியூபில் 10 மில்லி பலூன், இந்த ஆபரேஷனுக்குப் பிறகு 30 முதல் 50 மில்லி வரை. போதாததற்கு உள்ளே சுரண்டிய புண் வேறு. நரம்பு வழியாக அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்து பைத்தசையைச் சுருக்குகிறது. ஆகவே வெட்டுக்காயத்துக்கான வலி ஊசியை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் ஆள் மயங்குவார், முட்டல் அடங்காது. தசைச் சுருக்கத்தைத் தணிக்கும் மருந்து வேண்டும்.

இந்த வகையில் நம் நாட்டிலேயே நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. லக்னோவில் உள்ள சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ நிறுவனத்தில், ஆபரேஷனுக்கு ஒரு மணி நேரம் முன்பு டால்டெரோடின் 2 மில்லிகிராம் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், 2005-ல் வெளியானது. கொடுக்காதவர்களை விட கொடுத்தவர்களுக்கு அவஸ்தையும் குறைவு, கடுமையும் குறைவு. ஆக்சிபியூட்டினின், சோலிஃபெனசின் எல்லாம் அதே குடும்பம், அசிடைல்கோலினைத் தடுப்பவை. நரம்பு வலிக்குக் கொடுக்கும் கேபாபென்டினும் உதவுகிறது. டிரமடால் வலி ஊசிதான், ஆனாலும் பைச் சுருக்கத்தையும் கொஞ்சம் தணிக்கும். டெக்ஸ்மெடிடோமிடின் என்ற அமைதிப்படுத்தும் மருந்து நன்றாக வேலை செய்யும், நாடித் துடிப்பைக் குறைக்கும் என்பதால் மானிட்டர் போட்டுக் கவனிக்க வேண்டும். இடுப்பின் அடிப்பகுதிக்குப் போகும் பியூடெண்டல் நரம்புக்கு மரப்பு ஊசி போடுவது இன்னொரு வழி.

எந்த மருந்தானாலும் முதுகு ஊசி விட்ட பிறகு ஓடிப்போய்க் கொடுப்பதை விட, அது விடுவதற்கு முன்பே உடம்பில் இருக்கும்படி கொடுப்பது நல்லது. முதுகு ஊசி பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மணி நேரம். நாங்கள் தியேட்டரில் வேலை முடிந்து போய்விடுவோம், வார்டில் மரப்பு விடும், அங்கே இதற்கான மருந்து எழுதியிருக்காது. அந்த இடைவெளியில்தான் உங்கள் பெரியப்பா அவதிப்பட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

சித்தவைத்தியப் பிரியன் | செவ்வாய், மாலை 5.10

இங்கிலீஷ் மருந்தாவே அடுக்கிட்டே போறீங்க. நீர்முள்ளிக் கஷாயம், பார்லித் தண்ணி, வெந்தயம் ஊறப்போட்டது, இளநீ. நீர்க்கடுப்புக்கு நம்ம தாத்தாமார் இதைத்தான் குடிச்சாவ. சூட்டைத் தணிச்சா எல்லாம் சரியாயிரும்.

வார்டு சிஸ்டர் | செவ்வாய், மாலை 6.00

பார்லித் தண்ணி தாராளமா குடிக்கலாம், தண்ணி உள்ள போறது நல்லதுதான். மூத்திரம் நீர்த்துப் போனா கட்டி சேராது, எரிச்சலும் குறையும். இருதயக் கோளாறோ கிட்னி கோளாறோ இல்லாதவங்களுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு, ரெண்டரை லிட்டர். கிட்னி பழுதானவங்களுக்கு இளநீ வேண்டாம், பொட்டாசியம் ஏறும். நீர்முள்ளி மூத்திரத்தைக் கூட்டுற மூலிகை, ஆபரேஷன் ஆன வாரத்துல டாக்டருக்குத் தெரியாம குடுக்காதீங்க. ஆனா இது சூடு இல்லங்க. உள்ள பலூன் இருக்கு. எத்தனை இளநீ குடிச்சாலும் பலூன் கரையாது.

டீ, காபியைக் குறைக்கிறதுல நெசமாவே பலன் இருக்கு. காபி பையைக் கிளறும். கருப்பட்டி போட்டாலும் காபி காபிதான், அதையும் சொல்லிடுறேன். நம்ம ஊர்ல "கருப்பட்டி காபி உடம்புக்கு நல்லது"ன்னு மூணு வேளை பிளாஸ்க்ல வரும். சுக்கு, மல்லி போட்டு காபித்தூள் இல்லாம குடுங்க.

அம்பை மருமகள் | செவ்வாய், இரவு 9.30

டாக்டர் சாருக்கு ஒரு கேள்வி, கொஞ்சம் கோபமும் உண்டு. எங்க மாமனாருக்கு 78 வயசு. முட்டல் அடங்கணும்னு ஆக்சிபியூட்டினின் குடுத்தாங்க. முட்டல் நின்னுது. ஆனா ராத்திரி எங்கள அடையாளம் தெரியல. "வயக்காட்டுல தண்ணி பாச்சணும், மம்பட்டியை எடு"ன்னாவ. சுவத்துல எறும்பு போகுதுன்னு தட்டிக்கிட்டே இருந்தாவ. வாய் காஞ்சு நாக்கு ஒட்டிக்கிட்டு. மாத்திரையை நிறுத்துன பிறகுதான் தெளிஞ்சுது. உறுத்தலைக் குறைக்கப் போய் இது என்ன வைத்தியம்?

மயக்க மருத்துவர் | செவ்வாய், இரவு 10.45

உங்கள் கோபம் நியாயம்தான் அம்மா. நான் முதல் பதிவில் இதைத் தனியாக எழுத இடம் விட்டிருந்தேன், நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

அசிடைல்கோலினைத் தடுக்கும் மருந்து சிறுநீர்ப்பையில் மட்டும் தடுப்பதில்லை. வாய் உலரும், மலம் கட்டும், கண்ணில் குளுக்கோமா அழுத்தம் உள்ள சிலருக்கு ஆபத்து. வயதானவர்களுக்கு மூளைக்குள் போய்க் குழப்பத்தை உண்டாக்கும். இதில் ஆக்சிபியூட்டினின் கொஞ்சம் மோசம், மூளைக்குள் சுலபமாக நுழையக்கூடியது. ஏற்கெனவே மறதி இருப்பவர், முந்திய ஆபரேஷனில் ராத்திரி பிதற்றியவர், காது, கண் சரியாக இல்லாதவர், இவர்களுக்கு நான் இந்த வகையைத் தவிர்ப்பேன். கேபாபென்டினும் அப்படித்தான்: தலைசுற்றி விழுந்துவிடுவார்கள், கிட்னி குறைந்தவருக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. முட்டலே ஆளைக் குழப்பும். ராத்திரி முழுக்கத் தூங்காமல், கையைக் கட்டிப் போட்டு வைத்த 78 வயதுக்காரர் மருந்தே இல்லாமலும் பிதற்றுவார். ஆகவே "மருந்து வேண்டாம்" என்பது பாதுகாப்பான முடிவு என்று நினைக்காதீர்கள். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை வேளை என்பதுதான் கேள்வி. பாரசிட்டமால் டிரிப், நரம்பு ஊசி இவை ஆளைக் குழப்பாது. மிராபெக்ரான் வேறு வழியாகப் பைத்தசையைத் தளர்த்தும், வாய் உலராது, ஆனால் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஆகாது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி ஊசிகள் பலருக்கு உதவும், கிட்னி கோளாறும் ரத்தக் கசிவும் உள்ளவர்களுக்கு யோசித்துத்தான்.

பையைத் தளர்த்தும் மாத்திரைகளை டியூப் எடுப்பதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் டியூபை எடுத்த பிறகு பை சுருங்காமல், மறுபடி அடைத்துக்கொண்டு, மறுபடி டியூப் போட வேண்டி வரும்.

தென்காசிச் சாரல் | புதன், காலை 7.15

எல்லாம் சரி. ஆனா ஒரு டியூப்புக்கு இம்புட்டு மாத்திரை, ஊசின்னு பயமுறுத்துனா வயசானவங்க ஆபரேஷனுக்கே வர மாட்டாங்க. எங்க சித்தப்பா ஒரு மாத்திரையும் இல்லாம ரெண்டு நாள் இருந்துட்டு வந்தாரு. மனதைரியம் வேணும்.

டவுன் அண்ணாச்சி | புதன், காலை 7.40

சாரலாரே, உம்ம சித்தப்பா முதல் படிக்காரர்வே. அவருக்குத் தைரியம் ஜாஸ்தின்னு இல்ல, முட்டல் குறைச்சல். மூணாம் படிக்காரனுக்குத் தைரியத்தை டிரிப்ல ஏத்த முடியாது. சும்மா இருக்கவனைப் பாத்து துடிக்கவனைக் கோழைன்னு சொல்லப்படாது.

தென்காசிச் சாரல் | புதன், காலை 7.52

கோழைன்னு நான் சொல்லல அண்ணாச்சி. ஆளைப் பாத்து மருந்து குடுங்கன்னுதான்.

டவுன் அண்ணாச்சி | புதன், காலை 7.55

அதைத்தான்வே டாக்டரும் எழுதியிருக்காரு.

பேட்டைக்காரன் | வெள்ளி, இரவு 8.30

எல்லாருக்கும் நன்றி. நேத்து டாக்டரைப் பாத்தோம். இங்க எழுதுனதையெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் கொண்டு போனேன். சர்ஜன் முதல்ல சிரிச்சாரு, பிறகு உக்காந்து பதில் சொன்னாரு. 22 நம்பர் மூணு வழி டியூப். இழுத்து ஒட்டுறது மறுநாள் காலை வரைக்கும், ரத்தம் தெளிஞ்சா அதுக்கு முன்னாடியே தளர்த்திருவேன்னாரு.

மயக்க டாக்டரைத் தனியா பாக்கணும்னு கேட்டு வாங்கிப் பாத்தேன். அப்பாவுக்கு லேசா மறதி உண்டு, அடுப்பை அணைச்சமான்னு மறுபடி மறுபடி போய் பாப்பாவ. அதை மொதல்ல சொல்லிட்டேன். அதைக் கேட்டதும் அவங்க தாள்ல இருந்து ஆக்சிபியூட்டினினை அடிச்சுட்டாங்க. தியேட்டரை விட்டு வெளிய வாரதுக்குள்ள பியூடெண்டல் நரம்பு ஊசியும், மரப்பு விடுறதுக்கு முன்ன பாரசிட்டமால் டிரிப்பும் போடுதோம், வார்டு சீட்டுலயும் எழுதி வச்சிருதோம்னாங்க.

அப்பாட்ட அண்ணாச்சி எழுதுனதை வாசிச்சுக் காட்டுனேன். "கண்ணுல தூசி"ன்னதும் சிரிச்சுட்டு, "அப்ப அண்ணன் அன்னைக்குப் பொய்யா கத்தல"ன்னாவ. ஆபரேஷனுக்குச் சரின்னுட்டாவ.

வார்டு சிஸ்டர் | வெள்ளி, இரவு 9.10

ரொம்ப நல்லது. ஆபரேஷனுக்கு முன்னாடியே வயித்தைச் சரி பண்ணி வையுங்க. மலச்சிக்கல் இருந்தா குடல் பையை அமுக்கும், வெளிக்கு முக்குறப்ப ரத்தமும் வரும். வாழைப்பழம், கீரை, தேவைப்பட்டா லாக்டுலோஸ் மருந்து டாக்டர் எழுதித் தருவாங்க. பெரியவங்களுக்குச் சாரம் (கைலி) கட்டிவிடுங்க, பைஜாமா வேண்டாம். சாரத்துக்குள்ள டியூப் மடங்காம இருக்கும், பாக்கவும் வசதி.

பேட்டைக்காரன் | வியாழன், காலை 10.20

அப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சுது. நடந்ததை அப்படியே எழுதுறேன், அடுத்து வரவங்களுக்கு உதவும்.

சாயங்காலம் காலு அசைய ஆரம்பிச்சதும் அப்பா சொன்ன முதல் வார்த்தை, "ஏல, வருதுல." நான் பேக்கைத் தூக்காம, அவியளைத்தான் லேசா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, கட்டிலுக்குக் கீழ தொங்குற பேக்கைக் காட்டுனேன். "பாருங்கப்பா, சொட்டுது. நீங்க போய்க்கிட்டேதான் இருக்கீய." அதுல ஒரு ஆறுதல். ஒவ்வொரு தடவை வரும்போதும் அவியளே எட்டிப் பாத்து, "ஆமா, போகுது"ன்னு சொல்லிக்கிட்டு மூச்சு விட்டாவ. கத்தல. ஏழு மணிக்கு எழுதி வச்சிருந்த டிரிப் வந்துது. நல்லாத் தூங்குனாவ.

ராத்திரி பன்னெண்டு இருக்கும். எந்திரிச்சு உக்காந்துட்டாவ. "இது வேற மாதிரி இருக்குல, கிழியுது"ன்னாவ. முகமெல்லாம் வேர்வை. பேக்கைப் பாத்தேன், சொட்டல. சலைன் பாட்டில்லயும் சொட்டு நின்னு போயிருந்துது. அடிவயித்தைத் தொட்டா இறுக்கம். பெல் அடிச்சேன். ஒரு நர்ஸ் ஓடி வந்து, பெரிய சிரிஞ்ச் வச்சு கழுவுனாங்க. கறுப்பா ஈரல் துண்டு மாதிரி கட்டி வந்துது. வந்த நிமிசமே அப்பா படுத்துட்டாவ. "இப்ப சுகம்"ன்னு ஒரு வார்த்தை.

வார்டு சிஸ்டர் மட்டும் இங்க எழுதலைன்னா, அதையும் "பலூன்தான் அப்பா, மூச்சு விடுங்க"ன்னு சொல்லி உக்காந்திருப்பேன்.

வார்டு சிஸ்டர் | வியாழன், பிற்பகல் 1.15

அப்பா சொன்ன "வேற மாதிரி இருக்கு"ங்கிறதைப் பிடிச்சீங்க பாருங்க, அதுதான். பை சுருங்குறது அலை மாதிரி வந்து போகும், நடுவுல விட்டு விட்டு நிம்மதி இருக்கும். அடைப்பு அப்படி இல்ல, ஏறிக்கிட்டே போகும். சலைன் பாட்டில் ரொம்பக் குளிர்ந்து இருந்தாலும் முட்டல் கூடும், ஏ.சி. ரூம்னா அதையும் கவனிங்க.

பேட்டைக்காரன் | சனி, மாலை 4.00

சலைனை நிறுத்திட்டு, இன்னைக்குக் காலை டியூபை எடுத்தாச்சு. எடுக்கும்போது பலூன் தண்ணியை உறிஞ்சிட்டுத்தான் எடுத்தாங்க, ஒரு கணம் முகத்தைச் சுளிச்சாவ, அவ்வளவுதான். முதல் தடவை போகும்போது எரிச்சல், ரோஸ் நிறம். ரெண்டாவது தடவை நல்லா வந்துது. ஸ்கேன் பண்ணி உள்ள மிச்சம் அதிகமில்லைன்னு சொன்ன பிறகுதான் வீட்டுக்கு விட்டாங்க. இன்னும் அவசரமா வருது, கக்கூஸ் போறதுக்குள்ள ரெண்டு சொட்டு விழுதுங்காவ. இது எத்தனை நாள் இருக்கும்?

மயக்க மருத்துவர் | சனி, இரவு 7.20

சில வாரம் இருக்கும், படிப்படியாகக் குறையும். உள்ளே புண் ஆற வேண்டும். பத்துப் பதினான்கு நாள் கழிந்து திடீரென்று ஒரு தடவை ரத்தம் கலந்து வந்தால் பயப்பட வேண்டாம், புண்ணின் பொருக்கு உதிர்வதால் அப்படி வருவதுண்டு, தண்ணீர் நிறையக் குடித்தால் தெளிந்துவிடும். தெளியாவிட்டால், கட்டியாக வந்தால், போகவே முடியாவிட்டால், குளிர்க்காய்ச்சல் வந்தால் உடனே போக வேண்டும். நாலு முதல் ஆறு வாரத்துக்குக் குடம் தூக்குவது, சைக்கிள், பைக் எல்லாம் வேண்டாம். நீங்கள் சொன்ன அவசரத்துக்குத் தேவைப்பட்டால் மாத்திரை உண்டு, அப்பாவின் மறதியைச் சொல்லி உங்கள் யூராலஜி மருத்துவரிடமே கேளுங்கள்.

நாங்குநேரி வாத்தியார் | ஞாயிறு, காலை 9.00

இந்தத் திரியை முழுக்க வாசித்தேன். என் அண்ணனுக்குப் புராஸ்டேட் புற்றுநோய், சுரப்பியையே முழுசாக எடுக்கப்போகிறார்கள். டியூபோடு வீட்டுக்கு அனுப்புவார்களாம், ஒன்றிரண்டு வாரம் இருக்குமாம். அவர் வீட்டில் அண்ணி மட்டும்தான். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நல்ல தூரம். வீட்டில் எப்படிச் சமாளிப்பது?

வார்டு சிஸ்டர் | ஞாயிறு, காலை 11.30

அந்த ஆபரேஷன்ல மூத்திரக் குழாயையும் பையையும் சேத்துத் தையல் போட்டிருப்பாங்க, அது ஆறுற வரைக்கும் டியூப்தான் காவல். அதனால இதுல ஒரே ஒரு விஷயம் கண்டிப்பு: டியூப் தற்செயலா கழண்டா, அடைச்சா, பக்கத்துல இருக்கிற யாரையும் கூப்பிட்டு மாத்திப் போடச் சொல்லாதீங்க. ஆபரேஷன் பண்ணுன டாக்டருக்குப் போன் பண்ணிட்டு அங்கதான் போகணும். தையல் பிரிஞ்சிரும். அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பரை டிஸ்சார்ஜ் அன்னைக்கே கேட்டு வாங்கி, சுவத்துல எழுதி ஒட்டுங்க.

கார்ல வரும்போது பேக்கை மடியில வைக்கக் கூடாது, இடுப்புக்குக் கீழ இருக்கணும். இல்லாட்டி வெளிய போனது திரும்ப உள்ள போகும். ஆனா தரையிலயும் படக் கூடாது. காலு மேல கட்டுற சின்ன பேக் பகலுக்கு, பெரிய பேக் ராத்திரிக்கு. முக்கால்வாசி நிறையுறதுக்கு முன்னாடி காலி பண்ணிருங்க, கனம் கூடுனா டியூபை இழுக்கும், இழுத்தா முட்டல் வரும். பிளாஸ்திரி ஒட்டுற தொடையைத் தினம் மாத்துங்க, தோல் புண்ணாகாது.

அண்ணிட்ட சொல்ல வேண்டியது, சோப்பும் தண்ணியும் போட்டு தினம் ரெண்டு வேளை டியூப் நுழையுற இடத்தைக் கழுவணும். டெட்டால், பவுடர் எதுவும் வேண்டாம். முன்தோலைப் பின்னால தள்ளிக் கழுவுனா, முடிஞ்சதும் மறக்காம முன்னால இழுத்து விடணும். இதைச் சொல்ல நெறைய பேர் கூச்சப்படுவாங்க. விட்டுட்டா வீங்கி இறுகிக்கிடும், அதுக்கு ராத்திரியோட ராத்திரியா ஓட வேண்டி வரும். அண்ணிக்குச் சங்கடமா இருந்தா அண்ணனே செஞ்சுக்கலாம், கண்ணாடி வச்சுப் பாத்துச் செய்ய டிஸ்சார்ஜுக்கு முன்னாடி வார்டுலயே ஒரு தடவை பழகச் சொல்லுங்க.

முட்டல் மாத்திரை எழுதிக் குடுத்தா டியூப் எடுக்குற தேதியைக் கேட்டு, எப்ப நிறுத்தணும்னு சீட்டுலயே எழுதி வாங்குங்க.

நாங்குநேரி வாத்தியார் | ஞாயிறு, மதியம் 12.10

நம்பர், மாத்திரை நிறுத்தும் தேதி, வார்டில் ஒரு தடவை கழுவிப் பழகுவது. மூன்றையும் குறித்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை ஓ.பி.க்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், போய்க் கேட்டுவிட்டு என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன் சிஸ்டர்.